சேரி முதல் காலனி வரை

நுழையும்முன்

எந்தச் சொல்லும் வசையாகப் பிறப்பதில்லை. மக்கள் அதனை யாரை நோக்கி, எந்த மனநிலையில் வழங்குகின்றனரோ அதற்கேற்ப அதன் பொருள் திரிகிறது. மதிப்போடு வழங்கிய சொல் இழிவைச் சுமக்கத் தொடங்குகிறது. அவ்விழிவை நீக்க வந்த புதிய சொல்லும் சில தலைமுறைகளில் அதே இழிவைச் சுமக்கிறது. காவிரிப் படுகையின் வாழ்வோடு பிணைந்த ‘சேரி’, ‘காலனி’ என்னும் இரு சொற்களின் வரலாற்றின் வழியே இம்மாற்றத்தை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சிறு வினா

தஞ்சைப் பகுதிச் சிற்றூர் ஒன்றிலிருந்து நகரத்துப் பள்ளிக்கு வரும் மாணவர் ஒருவரிடம் புதிதாக அறிமுகமானவர், “எந்த ஊர்?” என்று கேட்கிறார். மாணவர் ஊரின் பெயரைச் சொல்கிறார். உரையாடல் அத்துடன் முடிவதில்லை. “ஊரிலேயா, காலனியிலா?” என்ற அடுத்த வினா வருகிறது.

இலக்கண நோக்கில் இஃது இடத்தைப் பற்றிய வினா. இதில் வசைச்சொல் ஏதும் இல்லை, குரலும் உயரவில்லை. கேட்டவர் தாம் எவரையும் புண்படுத்தியதாக எண்ணுவதும் இல்லை. ஆயினும் விடை சொல்ல வேண்டிய மாணவர் ஒரு கணம் தயங்குகிறார். அவரிடம் கேட்கப்பட்டது முகவரி அன்று, சாதி என்பதைக் கேட்டவரும் அறிவார், கேட்கப்பட்டவரும் அறிவார். இருவரும் அறிந்த அந்தப் பொருள் எந்த அகராதியில் இருக்கிறது? அகராதியில் இல்லாத அப்பொருள் அச்சொல்லுக்குள் எவ்வாறு புகுந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண, அச்சொல்லுக்கு முன் அவ்விடத்தில் வழங்கிய சொல்லிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

இலக்கணம் போற்றிய சேரிமொழி

‘சேர்’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் ‘சேரி’. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பது அதன் பொருள். பழந்தமிழில் இச்சொல் இன்ன குலத்தார் வாழும் இடம் என்ற வரையறைக்கு உட்பட்டதாக இல்லை. பாணர் வாழ்ந்த இடமும் சேரி. நகரின் புறத்தே அமைந்த குடியிருப்பும் சேரி. மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் தங்கிய இடத்தைக் குறித்தே சிலப்பதிகாரத்தின் காதை ஒன்று ‘புறஞ்சேரி இறுத்த காதை’ எனப் பெயர் பெற்றது. புதுச்சேரி முதலிய ஊர்ப்பெயர்களில் இன்றும் அச்சொல் பழைய பொருளிலேயே வாழ்கிறது.

தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. செய்யுளுக்குரிய எட்டு வனப்புகளைக் கூறும் தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகப் ‘புலன்’ என்பதைக் கூறுகிறார். மக்களிடையே வழங்கும் சேரிமொழியால் அமைந்து, ஆராய்ந்து பொருள் காண வேண்டாத தெளிவோடு விளங்குவதே அவ்வனப்பின் இலக்கணம். சேரிமொழி என்பது அங்கே இழிந்த மொழி அன்று. செய்யுளுக்கு அழகு தரும் எளிய மொழி. அதே தொடர் இன்று, கேட்கத் தகாத பேச்சு என்னும் பொருளில் ஏளனமாக ஆளப்படுகிறது. தொல்காப்பியர் அழகு என்று வகுத்ததை, அவர் மொழியைப் பேசுவோரே வசையாக மாற்றியுள்ளனர்.

கல்லில் எழுதிய சேரிகள்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘சேரி’ என்னும் சொல் மிகுதியாகப் பயில்கிறது. அந்தணர் வாழ்ந்த ஊர்களின் உட்பகுதிகளும் சேரி என்றே அழைக்கப்பட்டன. குடவோலை முறையால் புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டு, அவ்வூரின் பன்னிரண்டு சேரிகளைக் குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலைச் சூழ்ந்து, ஆடற்கலை வல்ல 400 பெண்கள் குடியமர்த்தப்பட்ட தெருக்கள் ‘தளிச்சேரி’ எனப்பட்டன. ‘தளி’ என்பது கோயிலைக் குறிக்கும் சொல். கோயிலைச் சார்ந்த குடியிருப்பு என்பதற்கு மேல் அப்பெயரில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை.

ஆயினும் அதே கோயிலின் கல்வெட்டுகளை மேலும் படித்தால் வேறொரு செய்தி தெரிகிறது. முதலாம் இராசராசன் கோயிலுக்கு வழங்கிய ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கூறும் பகுதியில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களும் இடம்பெறுகின்றன. கம்மாளர் வாழ்ந்தது கம்மாணச்சேரி. பறையர் வாழ்ந்தது பறைச்சேரி. தீண்டாச்சேரி என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இக்கல்வெட்டுகள் இரு உண்மைகளை ஒருங்கே காட்டுகின்றன. ‘சேரி’ என்னும் சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அனைவர்க்கும் பொதுவாக இருந்தது. ஆனால் அச்சொல் பொதுவாக இருந்த காலத்திலேயே மக்களின் குடியிருப்புகள் பொதுவாக இல்லை. ‘தீண்டா’ என்னும் அடை இருந்தால்தான் விலக்கு விளங்கும் என்ற நிலை அன்று இருந்தது. காலப்போக்கில் அவ்வடை உதிர்ந்தது. அதன் பொருள் மட்டும் ‘சேரி’ என்னும் சொல்லிலேயே தங்கிவிட்டது. ஏனைய சேரிகள் தெரு, அக்கிரகாரம், நகர் என வேறு பெயர்களைப் பெற்றன. பொதுச்சொல் ஒரு சாராருக்கு மட்டுமே உரியதாக எஞ்சியது.

தெரிந்து தெளிவோம்

சொற்பொருள் மாற்றத்தை மொழியியலார் பலவகையாகப் பிரிப்பர்.

இழிபொருட்பேறு: உயர்ந்த அல்லது பொதுவான பொருளை உடைய சொல் தாழ்ந்த பொருளைப் பெறுதல். ‘நாற்றம்’ என்பது முன்பு மணத்தைக் குறித்தது. இன்று தீய மணத்தை மட்டும் குறிக்கிறது.

உயர்பொருட்பேறு: தாழ்ந்த பொருளை உடைய சொல் உயர்ந்த பொருளைப் பெறுதல். ‘களிப்பு’ என்பது கள்ளுண்டு மகிழ்தலைக் குறித்தது. இன்று மகிழ்ச்சியைப் பொதுவாகக் குறிக்கிறது.

சிறப்புப்பொருட்பேறு: பொதுப்பொருள் சுருங்கி ஒன்றற்கு மட்டும் உரியதாதல். அரசனின் இல்லத்தையும் குறித்த ‘கோயில்’ என்னும் சொல் இன்று இறைவனின் இல்லத்தை மட்டும் குறிக்கிறது.

பொதுப்பொருட்பேறு: சிறப்புப்பொருள் விரிந்து பொதுவாதல். எள்ளிலிருந்து எடுத்த நெய்யைக் குறித்த ‘எண்ணெய்’, இன்று எல்லா வகை எண்ணெய்க்கும் பெயராகிறது.

‘சேரி’ என்னும் சொல்லில் சிறப்புப்பொருட்பேறும் இழிபொருட்பேறும் ஒருங்கே நிகழ்ந்துள்ளன.

ஊரும் சேரியும்

நாற்றம் என்னும் சொல்லின் பொருள் தாழ்ந்தபோது எந்த மலரும் வருந்தவில்லை. மனிதரைச் சுட்டும் சொல்லின் பொருள் தாழும்போது நிகழ்வது வேறு. அதன் பின்னால் நிலமும் உழைப்பும் அதிகாரமும் நிற்கின்றன. காவிரிப் படுகையின் ஊரமைப்பு இதற்குச் சான்று. சமூகவியல் அறிஞர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தின் ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ‘ஸ்ரீபுரம்’ என்னும் புனைபெயரிட்டு அவர் 1965இல் வெளியிட்ட நூல், அக்கிரகாரம், பிற சாதியினரின் தெருக்கள், சேரி என மூன்றாகப் பிரிந்து கிடந்த ஊரை விவரிக்கிறது. குடியிருப்பின் பெயரைச் சொன்னாலே சாதி, தொழில், நில உரிமை ஆகிய மூன்றும் விளங்கிவிடும் அமைப்பு அது.

நெல் விளையும் வயலில் நாற்றுப் பறித்தவரும் நட்டவரும் அறுத்தவரும் சேரியில் வாழ்ந்தனர். விளைந்த நெல் களத்திலிருந்து மிராசுதாரர் வீட்டுக்குச் சென்றது. பண்ணையாள் பெற்ற கூலி மரக்காலால் அளக்கப்பட்டது. அவர் பெற்ற மதிப்பு சொல்லால் அளக்கப்பட்டது. நரைத்த தலையுடைய உழவரை நிலவுடைமையாளர் வீட்டுச் சிறுவன் ‘டா’ போட்டு அழைப்பதும், அம்முதியவர் அச்சிறுவனை ‘ஐயா’ என்று விளிப்பதும் அன்றாட வழக்காக இருந்தன. அழைத்த சிறுவன் சினத்தோடு அழைக்கவில்லை. பிறரிடம் கேட்டுப் பழகியபடி இயல்பாக அழைத்தான். ஒருவரைத் தாழ்த்தச் சினம் தேவையில்லை என்னும் நிலையே அவ்வமைப்பின் வலிமை. சினந்து சொன்ன வசை, சினம் தணிந்தபின் வருத்தத்திற்கு உரியதாகும். இயல்பாகச் சொன்ன சொல்லுக்கு எவரும் வருந்துவதில்லை.

1940களில் படுகையில் பி. சீனிவாசராவ் முதலியோர் வழிநடத்திய விவசாயத் தொழிலாளர் இயக்கம், கூலி உயர்வோடு சாட்டையடி, சாணிப்பால் புகட்டுதல் ஆகிய கொடுமைகளின் ஒழிப்பையும் கோரியது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனிதராக நடத்தப்படுதல் என்பது கூலிக்கு அடுத்து வரும் கோரிக்கை அன்று, கூலியோடு சேர்ந்த கோரிக்கை என்பதை அவ்வியக்கம் உணர்த்தியது.

உரிமையாக வந்த காலனி

பண்ணையாள் குடியிருந்த மனையும் பெரும்பாலும் அவருக்குச் சொந்தமில்லை. அது நிலவுடைமையாளரின் மண். கூலி கேட்டு நின்றவரைக் குடிசையைவிட்டு வெளியேற்ற இயலும் என்ற நிலை இருந்தது. இந்நிலையை மாற்ற 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை வழங்கும் பணியை மேற்கொண்டது. 1971இல் தமிழ்நாடு அரசு இயற்றிய குடியிருப்போர் உடைமையளிப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளருக்கும் கைவினைஞருக்கும் அவர்கள் குடியிருந்த மனையையே உரிமையாக்கியது. அரசு ஒதுக்கிய நிலங்களில் வரிசையாக வீடுகள் எழுந்தன. பழைய ‘சேரி’ என்னும் பெயரைத் தவிர்த்து, அவற்றிற்குக் ‘காலனி’ என்னும் பெயர் வழங்கலாயிற்று.

அச்சொல்லின் வேரைக் காணுதல் பயன்தரும். இலத்தீன் மொழியில் ‘கொலோனுசு’ என்பது நிலத்தை உழுபவரைக் குறிக்கும். அவர் குடியேறிய இடம் ‘கொலோனியா’. உழவரின் குடியிருப்பு என்னும் வேர்ப்பொருளை உடைய சொல், காவிரிப் படுகையின் உழவுத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பெயராக அமைந்தது. பொருளால் பொருத்தமான பெயர். வரலாற்றால் உரிமையின் அடையாளம். பட்டா பெற்ற முதல் தலைமுறைக்குக் ‘காலனி வீடு’ என்பது எவரும் வெளியேற்ற முடியாத வீடு.

ஆனால் வீடுகள் கட்டப்பட்ட இடம் ஊருக்கு வெளியிலேயே இருந்தது. ஊரின் சுடுகாடும் காலனியின் சுடுகாடும் வேறு வேறாகவே நீடித்தன. பல ஊர்களில் தேநீர்க் கடைக் குவளைகளும் வேறாயின. எல்லை மாறாமல் எல்லைக்கு அப்பாலிருந்த இடத்தின் பெயர் மட்டும் மாறியது. எனவே சேரி என்னும் சொல் சுமந்த அனைத்தையும் காலனி என்னும் சொல் சில பத்தாண்டுகளில் சுமக்கத் தொடங்கியது. ‘காலனிக்காரன்’, ‘காலனிப் பசங்க’ என்னும் தொடர்கள் பிறந்தன. நகரங்களில் ‘ரயில்வே காலனி’ என்று முகவரி சொல்பவர் தயங்குவதில்லை. சிற்றூரில் ‘காலனி’ என்று மட்டும் சொல்ல வேண்டியவர் தயங்குகிறார். ஒரே சொல், ஒரே மாநிலம், இரு வேறு பொருள்கள். இழிவு எழுத்தில் இல்லை, அவ்வெழுத்து சுட்டும் உறவில் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில், ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமைக்கான குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் அச்சொல் மாறிவிட்டது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

கடல் கடந்த பெயர்

பெயர் இழிவுற்றதன் வரலாறு குடியிருப்போடு நிற்கவில்லை. ‘பறை’ என்னும் சொல் பழந்தமிழில் இசைக்கருவியையும் சொல்லுதலையும் குறித்தது. மலையாளத்தில் பேசுதலைக் குறிக்க இன்றும் அவ்வேர்ச்சொல்லே வழங்குகிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைக் கூறுகிறது. அக்கருவியோடு தொடர்புபடுத்தப்பட்ட மக்களின் பெயரை ஐரோப்பியர் தமிழகத்தில் கேட்டனர். 17ஆம் நூற்றாண்டில் அப்பெயர் ‘பரையா’ என்னும் வடிவில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதலில் அது தமிழகத்து மக்கட்பிரிவின் பெயராக இருந்தது. பின்னர் சமூகத்தால் விலக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தின் தெ சென்-பியேர் 1791இல் எழுதிய கதையில் அம்மனிதர் அறிவும் நல்லியல்பும் உடையவராகக் காட்டப்பட்டார். ஆயினும் ஐரோப்பிய மொழிகளில் நிலைபெற்ற பொருள் ‘விலக்கப்பட்டவர்’ என்பதே. தெருநாய்க்கும் கரும்பருந்துக்கும்கூட அச்சொல் அடையாக வந்தது.

இன்று உலகச் செய்திகளில் ஒதுக்கப்பட்ட ஒரு நாட்டைக் குறிக்க அச்சொல்லை எழுதும் செய்தியாளர், தமிழகத்தில் வாழும் மக்கள் திரள் ஒன்றின் பெயரை எழுதுவதாக அறிந்திருப்பதில்லை. அவர் நெஞ்சில் பகை இல்லை, அறியாமையே உள்ளது. ஆனால் அப்பெயருக்கு உரிய குடும்பத்தில் பிறந்த மாணவர் ஆங்கில நாளிதழில் அச்சொல்லைக் காணும்போது, தம் முன்னோரின் பெயர் இழிவின் இலக்கணமாக அச்சிடப்பட்டிருப்பதையே காண்கிறார். எண்ணிச் சொன்னவர், எண்ணாமல் சொன்னவர் என்னும் வேறுபாடு சொன்னவருக்குத் தெரியும். கேட்பவரின் புண்ணுக்குத் தெரியாது.

மறுத்தவரும் ஏற்றவரும்

இழிவாக்கப்பட்ட பெயரை என்ன செய்வது என்னும் வினா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்தில் எழுந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்கள் இருவர் இரு வேறு விடைகளைத் தந்தனர்.

அயோத்திதாசப் பண்டிதர் அப்பெயரை ஏற்க மறுத்தார். பகைவர் இட்ட பெயரை உரியவர் சுமக்க வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. ஆதித்தமிழர், சாதிபேதமற்ற திராவிடர் என்னும் பெயர்களை முன்வைத்தார். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழின் பெயரே அவருடைய விடையைச் சொல்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்திசையில் சென்றார். எந்தப் பெயரால் தம் மக்கள் இழிவுபடுத்தப்பட்டனரோ அப்பெயரையே 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குச் சூட்டினார். பெயரை மறைத்து வாழும் வரையில் அச்சம் நீங்காது, பெயரை வெளிப்படையாகச் சொல்லியே உரிமையைக் கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. பிறர் வாயில் வசையாக இருந்த சொல், உரியவர் கையில் உரிமைக்குரலாயிற்று.

இருவர் வழிகளும் வேறு, நோக்கம் ஒன்று. தம்மை எவ்வாறு அழைப்பது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையை இருவரும் நிலைநாட்டினர். பின்னர் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது.

“விளையாட்டுக்குச் சொன்னேன்”

இழிசொல்லைச் சொன்னவர் தம்மைக் காத்துக்கொள்ள வழக்கமாக மூன்று விடைகளைக் கூறுவர்.

முதல் விடை, “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பது. விளையாட்டு என்றால் ஆடுவோர் அனைவரும் மகிழ வேண்டும். ஒருவர் மட்டும் தலைகுனிந்து நிற்க மற்றவர் சிரிப்பது விளையாட்டின் இலக்கணத்துக்குள் அடங்காது. அவரும் சேர்ந்து சிரித்தார் என்பது சான்று ஆகாது. சிரிக்காவிட்டால் தனித்து விடப்படுவோம் என்னும் அச்சமும் சிரிப்பாக வெளிப்படும்.

இரண்டாம் விடை, “எல்லாரும் சொல்வதுதானே, சொல்லிச் சொல்லி அதன் கூர்மை போய்விட்டது” என்பது. இதில் பாதி உண்மை உண்டு. வழங்க வழங்கச் சொல்லின் கூர்மை மழுங்கும். ஆனால் மழுங்குவது சொல்பவருக்கு மட்டுமே. நாள்தோறும் கேட்பவருக்கு அது தேய்வதில்லை, சேர்கிறது. கடல் கடந்து சென்ற சொல் அங்குள்ளோர்க்குக் கூர்மை இழந்தது ஏன்? அச்சொல் சுட்டிய மக்களோ, ஊர்–சேரி எல்லையோ அவர்கள் கண்முன் இல்லை. அவ்வெல்லை நிலவும் மண்ணில் அச்சொல் ஒருபோதும் மழுங்குவதில்லை. எல்லாரும் சொல்வதால் அது வலுவிழக்கிறது என்பதைவிட, எல்லாரும் சொல்வதால் அதனை மறுப்பவர் தனியராகிறார் என்பதே பொருந்தும்.

மூன்றாம் விடை, “அவர்களே தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்களே” என்பது. இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழுக்குப் பெயர் சூட்டியதும், ஆதிக்கச் சாதியினர் ஒருவர் அதே பெயரைச் சொல்லி ஒருவரை விளிப்பதும் ஒன்றல்ல. தன் புண்ணைத் தானே தொடுவதற்கும் பிறர் தொடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. உரியவர் எடுத்தாளும் உரிமை மற்றவருக்கு இசைவுச்சீட்டு ஆகாது.

சட்டத்தின் பார்வை

பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதித்தல் அச்சட்டப்படி குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம், சாதிப்பெயரைச் சொல்லி வைவதை வெளிப்படையாகவே ஒரு குற்றமாகச் சேர்த்தது.

‘அது சாதியின் பெயர்தானே, வசை இல்லையே’ என்னும் வாதம் உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. சொல்லின் தோற்றப்பொருளை மட்டும் பார்த்தல் போதாது. இன்று மக்கள் வழக்கில் அச்சொல் எப்பொருளில் ஆளப்படுகிறது என்பதையே பார்த்தல் வேண்டும் என்று கூறியது. மதுரைப் பகுதியிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2011இல் வழங்கிய தீர்ப்பும், தமிழ்நாட்டில் சில சாதிப்பெயர்கள் சாதியைக் குறிப்பதோடு வசையாகவும் வழங்குவதைச் சுட்டி, இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவற்றைச் சொல்லுதல் குற்றமே என்று உறுதி செய்தது. சொற்பொருள் மாற்றம் பற்றி மொழியியல் கூறும் உண்மையை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டுள்ளது. சொல்லின் பொருளை அகராதி முடிவு செய்வதில்லை. வழக்கே முடிவு செய்கிறது.

நன்னீரும் வடிகாலும்

காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதி உழவர்கள் ஓர் உண்மையை அறிவர். ஆற்றில் நன்னீர் வரத்துக் குறையும் ஆண்டுகளில் கடலோர நிலங்களில் உவர்நீர் ஏறும். அந்நீரை வயலுக்குப் பாய்ச்சினால் முதல் நாளில் கேடு ஏதும் தெரியாது. நீர் ஆவியாகும், உப்பு மண்ணில் தங்கும். அடுத்த முறையும் அவ்வாறே. ஒருநாள் நாற்று கருகும். எந்த மடை நீரால் கருகியது என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. நிலத்தை மீட்க நன்னீர் பாய்ச்சுதல் மட்டும் போதாது. கரைந்த உப்பு வெளியேற வடிகாலும் வேண்டும்.

சொல்லுக்கும் இது பொருந்தும். சேரியைக் காலனி என மாற்றியது நன்னீர். ஊர் எல்லை அப்படியே இருந்ததால் வடிகால் அமையவில்லை. உப்பு மீண்டும் ஏறியது. பெயர்மாற்றத்தோடு உரிமையும் உடன்வந்த இடங்களில் புதிய சொற்கள் நிலைத்துள்ளன. ‘திருநங்கை’ என்னும் சொல் பழைய ஏளனச் சொற்களை விலக்கி வேரூன்றியதற்கு அதன் அழகு மட்டும் காரணம் அன்று. 2008இல் தமிழ்நாட்டில் அமைந்த நலவாரியமும், தம்மை அவ்வாறே அழைக்க வேண்டும் என்று வலியுறுத்திய அவர்களது முயற்சியும் அதற்குத் துணைநின்றன. ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லும் அத்தகையதே. ஆயினும் அச்சொற்களையும் ஏளனமாக ஒலிக்கும் வாய்கள் பெருகினால் அவையும் திரியும். எந்தச் சொல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை.

திருவள்ளுவர் நாவைக் காத்தல் பற்றிய அறிவுரையைச் சொல்வன்மையோடு சேர்க்காமல் ‘அடக்கமுடைமை’ அதிகாரத்தில் வைத்தார். பேச்சு என்பது திறமை மட்டும் அன்று, பேசுபவர் தம்மீது கொள்ளும் ஆட்சியும் ஆகும் என்பது அவ்வைப்புமுறையால் விளங்கும்.

சட்டமன்றம் ஒரு சொல்லை ஆவணத்திலிருந்து நீக்க இயலும். பேருந்து இருக்கையிலிருந்தும் வகுப்பறையின் கடைசி வரிசையிலிருந்தும் நீக்க இயலாது. அங்கே சொல்லின் பொருளை நாள்தோறும் முடிவு செய்பவர்கள் மாணவர்களே. “எந்த ஊர்?” என்று கேட்டு, ஊர்ப்பெயரைக் கேட்டதும் அத்துடன் நிறுத்திக்கொள்ளும் ஒரு மாணவர், ஆயிரம் ஆண்டுகளாக நீண்டுவந்த இரண்டாம் வினாவைக் கேட்காமல் விடுகிறார். அவ்வினா கேட்கப்படாத தலைமுறையில்தான் சேரி என்பது மீண்டும் சேர்ந்து வாழும் இடமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியின் தெரு, ஊர்ப்பெயர்களைத் திரட்டி, அவற்றின் தோற்றப்பொருளையும் இன்றைய வழக்குப்பொருளையும் ஒப்பிட்டுப் பட்டியல் தயாரிக்க.

2. ‘ஒரு சொல் இழிசொல்லாகிவிட்டால் அதனைக் கைவிடுவதே முறை’, ‘உரியவர் அதனை மீட்டெடுத்துப் பெருமையோடு வழங்குவதே முறை’ என்னும் இரு தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

வினாக்கள்

குறுவினா: இழிபொருட்பேறு என்றால் என்ன? சான்று தருக.

சிறுவினா: ‘காலனி’ என்னும் சொல் நகரத்திலும் சிற்றூரிலும் வேறு வேறு பொருள் தருவதற்குரிய காரணத்தை விளக்குக.

நெடுவினா: ‘சொல்லின் கூர்மை மழுங்குவது சொல்பவருக்கு மட்டுமே’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.